ஆடியது கையா, ஜீப்பா?

பெண் வீட்டார் நம் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று நாம் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவர்கள் பார்ப்பது கையை. மாப்பிள்ளை காரைக்கால்காரன் என்றால் கண் சிமிட்டாமல் பார்ப்பார்கள். காபி டம்ளரை எடுக்கும்போது விரல் நடுங்கினால் போச்சு. (எங்கள் ஊரில் சரக்கு மலிவு. சுற்றுவட்டாரமே பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகும். கெட்ட பெயர் மட்டும் எங்களுக்கு.)

நான் குடிப்பதில்லை. ஆனால் என்னிடம் ஒரு ஜீப் இருந்தது.

அப்போது நான் மைக் செட், பந்தல் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் போலகம் பக்கம் சேற்றுப் பாதையில் சாமான் கொண்டுபோக, நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஏதோ ஒரு படத்தில் பார்த்த வண்டி மாதிரி இருக்கவேண்டுமென்று ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் செருகி, பெரிய டயர் மாட்டி, ஜீப்பை உயரத் தூக்கினேன். ஏறுவதற்கு பிளாஸ்டிக் ஸ்டூல் தேவைப்பட்டது. "என்னங்க, உங்க வண்டி பாவாடையத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு தண்ணியில நடக்குற மாதிரி இருக்கு" என்றார் டீக்கடைக்காரர். பொறாமை என்று நினைத்தேன்.

தூக்கிய நாளிலிருந்து ஆட்டம் தொடங்கியது. கொஞ்சம் வேகமெடுத்து ஒரு பள்ளத்தில் விட்டால் போதும், முன்சக்கரம் இரண்டும் சாமி வந்ததுபோல் ஆடும். ஸ்டீயரிங் கையை உதறும். வேகம் குறைந்தால்தான் அடங்கும். மெதுவாகப் போகும்போதோ, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் சற்று யோசித்துவிட்டுத்தான் திரும்பும். நானும் காற்றைக் குறைத்தேன், கூட்டினேன். சக்கரத்தில் ஈயம் வைத்து பேலன்ஸ் பார்த்தேன். முன் டயரைப் பின்னால் மாட்டினேன். "வண்டிக்கு சனி புடிச்சிருக்கு" என்று ஒருவர் சொல்ல, திருநள்ளாறு போய் எள் தீபமும் போட்டேன். சனீஸ்வரன் என்னைத்தான் கவனித்தாரே தவிர, வெளியே நின்ற ஜீப்பைக் கவனிக்கவில்லை. அடியில் குனிந்து பார்க்கவேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

சுனாமிக்குப் பிந்திய ஒரு தை மாதம். பேரளத்திலிருந்து மலர்க்கொடியின் அப்பாவும் தாய்மாமன் கோவிந்தராசுவும் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். நான் பெண்ணை ஏற்கெனவே பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர்களுக்கும் வீடு பிடித்துவிட்டது. தேதி குறிக்கவேண்டியதுதான் பாக்கி. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பஸ்ஸெல்லாம் எதுக்குங்க? நானே கொண்டாந்து விடுறேன்" என்றேன்.

அம்பகரத்தூர் தாண்டி ஒரு பாலத்து மேட்டில் ஜீப் குதித்து இறங்கியது. அவ்வளவுதான், என் இரண்டு கைகளும் உடுக்கை அடிக்க ஆரம்பித்தன. பக்கத்தில் இருந்த மலர்க்கொடியின் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து மாமா எட்டி என் கைகளையே பார்த்தார். ஆட்டம் அடங்கியதும் கேட்டார்:

"தம்பி, காலையில என்ன சாப்டீங்க?"

"இட்லிங்க."

"இட்லி மட்டுந்தானா?"

பேரளத்தில் இறங்கியதும் மாமா அப்பாவைத் தென்னைமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவருடைய ரகசியம் தெருக்கோடிக்குக் கேட்கும். "அத்தான், கையப் பாத்தீங்கல்ல? அது இன்னிக்கி நேத்து நடுக்கமில்ல. காரைக்கா தண்ணி!"

நான் ஓடினேன். "ஆடுனது ஜீப்புங்க!"

"குடிச்சா அப்படித்தான் தம்பி தெரியும். எங்க தெருவுல ஒருத்தனுக்கு வீடே ஆடும்."

அதற்குள் காபி வந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார்கள். நான் சன்னலைப் பார்த்தேன். டபராவுக்குள் டம்ளர் தாளம் போட்டது. அப்பாவின் முகம் வாடிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அப்புறமா சொல்லி அனுப்புறோம்." (சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்று அர்த்தம்.)

அப்போது உள்ளேயிருந்து மலர்க்கொடி வந்தாள். என் பக்கம் திரும்பாமலேயே, "அப்பா, அவங்கள்ட்ட சாவி வாங்கிக் குடுங்க" என்றாள்.

பெண் பார்த்த அன்று, சமைப்பாள், கோலம் போடுவாள் என்றெல்லாம் சொன்னார்கள். அப்பாவின் டிராக்டரை வயலில் ஓட்டுகிறவள் என்று யாரும் சொல்லவில்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்டூலைத் தேடாமல் ஒரே எட்டில் ஏறினாள். "மாமா, நீங்களும் ஏறுங்க." மாமாவுக்குத்தான் ஸ்டூல் போட்டோம்.

ஜீப் தெருமுனையில் மறைந்தது. திரும்பி வரும்போது முதலில் வந்தது வளையல் சத்தம். அப்புறம் ஜீப். அவள் கைகள் இரண்டும் என் கைகள் ஆடிய அதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தன. முகம் ஆடவில்லை. பார்வை ரோட்டைவிட்டு இம்மி நகரவில்லை. பதறாமல் வேகத்தைத் தணித்து, அந்த முரட்டு வண்டியைக் கன்றுக்குட்டிபோல வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் கும்பிடப் போன கையை அடக்கிக்கொண்டேன்.

மாமா இறங்கினார். இறங்கியும் ஆடிக்கொண்டிருந்தார். "அத்தான், நான் பச்சத்தண்ணிதான் குடிச்சேன்" என்றார்.

"எஞ்சின நிறுத்திட்டேன்ப்பா. நான் ஸ்டீயரிங்க இப்படியும் அப்படியும் ஆட்டுறேன். அவங்கள அடியில படுத்து ஒவ்வொரு மூட்டா பாக்கச் சொல்லுங்க" என்றாள் மலர்க்கொடி.

படுத்தேன். பக்கத்தில் சலசலப்பு. வெள்ளை வேட்டியோடு அப்பாவும் ஊர்ந்து வந்தார். "என் பொண்ணு வாழ்க்கைங்க. நானும் பாத்துடுறேன்."

அப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை. மேலே அவள் துளி திருப்பினால், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து வரும் கம்பி அசைந்தது. அது குறுக்குக் கம்பியை அசைத்தது. அது சக்கரத்தை அசைத்தது. ஒரு சேதியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவதுபோல. வலது சக்கரத்து மூட்டில் மட்டும் சேதி தடுக்கி விழுந்தது. கம்பி முதலில் நகர, சக்கரம் ஒரு கணம் கழித்து 'டொக்' என்று நகர்ந்தது. விரலை வைத்தேன். குழிக்குள் குமிழ் துள்ளியது. இத்தனை மாதமாக மாலை போட்டு ஓட்டிய வண்டிக்குள் இவ்வளவு நடக்கிறதா என்று வாய்பிளந்து கிடந்தேன். (வாயில் மண் விழுந்தது.)

"மூட்டு தேஞ்சிடுச்சு தம்பி" என்றார் அப்பா. "நீங்க தூக்குனதுல கம்பியும் ஏணி மாதிரி சாஞ்சு கெடக்கு. அச்சும் கோணிப்போச்சு. எறக்கிப்புடுங்க."

மேலேயிருந்து குரல் வந்தது. "தெரியுதா?" அவள் என்னிடம் நேராகக் கேட்ட முதல் வார்த்தை.

"தெரியுதுங்க!"

அப்பா என் பக்கம் தலையைத் திருப்பினார். "நெசமா குடிக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டேங்க."

"அப்ப காபி ஏன் ஆடுச்சு?"

"உங்க பொண்ணு சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் நெற்றி அச்சில் இடித்தது. தடவிக்கொண்டே, "தை முடியறதுக்குள்ள வச்சுக்கலாமா?" என்றார். நாங்கள் வெளியே வந்தபோது இரண்டு பேருமே ஒரே நிறத்தில் இருந்தோம்.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாருக்கு வரன் வந்தாலும், கோவிந்தராசு மாமா ஜாதகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "பையன அடியில படுத்துப் பாத்தாச்சா?" என்று கேட்கிறார். வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். சமையற்கட்டிலிருந்து மலர்க்கொடியின் குரல் வரும்:

"மொதல்ல எஞ்சின நிறுத்தச் சொல்லுங்க மாமா!"