மூன்றாம் வரிசைச் சிரிப்பு

என் மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மைத்துனருக்கு,

உன் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது. நான் நல்ல சௌக்கியம். உன் அக்காவும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நீ போனை எடுக்காத நாளிலிருந்து அவள் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். போனைத் துண்டித்துவிடலாம், கடிதத்தைக் கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் பட்டுத்தானே தீரும்?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு உன் நாடகத்தில் முதலில் சிரித்தவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஏனென்றால் நீ அந்தச் சிரிப்பைக் கேட்ட மாத்திரத்தில் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போய்விட்டாய். அதற்கப்புறம் நடந்தது ஒன்றுமே உனக்குத் தெரியாது. தெரியாமலேயே, சனிக்கிழமை மறுபடி போட வேண்டிய காட்சியை ரத்து செய்யச் சொல்லி இயக்குநரிடம் ஆள் அனுப்பியிருக்கிறாய். வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுதின நாடகத்தை ஒரு நிமிஷக் கோபத்தில் குப்பையில் போடுவாயா மச்சான்? உனக்கென்ன பைத்தியமா?

என் தொழில் மேல் உனக்கு எப்போதுமே மரியாதை கிடையாது. லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் சும்மா பொழுது போக்குவதாக நினைக்கிறாய். பழைய அச்சகத்துக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன அரங்கத்தில் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, பல் டாக்டரிடம் காத்திருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். யாராவது ஒருத்தர் முதலில் சிரித்தால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். அந்த ஒருத்தர் நான். மூன்றாவது வரிசை, ஓர நாற்காலி. இயக்குநர், அதாவது நம் ‘தொப்பி’, எந்த நாடகமானாலும் என்னைக் கூப்பிட்டு எங்கெங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நகைச்சுவை மேடையில் அந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மாமியார் ஜோக்காகவே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய மாமியார் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எவனுக்குச் சிரிப்பு வரும்? நான் முதலில் தோளை மட்டும் குலுக்கினேன். பிறகு மூக்கால் கொஞ்சம். அப்புறம் வாயைத் திறந்து முழுசாக. கடைசியில் அந்த மாமியாரே சிரித்துவிட்டார். மனுஷன் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், நீங்க இல்லேன்னா இன்னிக்கு நான் வீட்டுக்கே போயிருக்க முடியாது” என்றார். இதை நீ அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

சரி, உன் நாடகத்துக்கு வருகிறேன். முந்தின நாளே வீட்டுக்கு வந்து சொன்னாய். “மாமா, இது அழுகிற நாடகம். நீங்க தாராளமா வாங்க, அந்த வாயை மட்டும் வீட்டுல வச்சிட்டு வாங்க.” உன் அக்காவும் எனக்கு ஜாமீன் நின்றாள். “நான் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கறேன்டா. சத்தம் வந்தா கிள்ளிடறேன்.” முதல் பாதி முழுக்க நான் கல்லாட்டம் இருந்தேன். சுவர்க் கடிகாரம் ஆணியோடு விழுந்தது, நான் அசையவில்லை. தபால்காரராக வந்தவர் தந்தியைக் கொடுக்க மறந்து வெளியே போய், அப்புறம் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டினார். அதற்கும் அசையவில்லை. பிறகு அந்தக் கட்டம் வந்தது. அப்பா மகனை வீட்டைவிட்டுப் போகச் சொல்கிறார். மகன் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டான். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்பா தொண்டை கிழியக் கத்துகிறார்: “போறதுன்னா போ! போறதுக்கு முன்னாடி உன் ரூம்ல ஃபேனை அணைச்சிட்டுப் போ!”

அவ்வளவுதான். மூன்றாவது வரிசையிலிருந்து சிரிப்பு பீறிட்டுவிட்டது. தோள், மூக்கு என்ற ஒழுங்கெல்லாம் இல்லை, நேராக வாய்தான். தொழிலில் எனக்கு இப்படி ஆனதே கிடையாது. ஒரே நொடியில் அரங்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. நீ ஓடிவிட்டாய்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத கதை. அப்பாவாக நடித்த எலக்ட்ரீஷியன் ஜென்மத்தில் ஒரு சிரிப்பு வாங்கியதில்லையா, ருசி கண்டுவிட்டார். வாசலைத் தாண்டிய மகனைத் திருப்பிக் கூப்பிட்டு, “பாத்ரூம் லைட்டு?” என்று கேட்டார். நீ எழுதாத வசனம்! மகனாக நடித்தவர் பாங்க்கில் குமாஸ்தா, எழுதினதற்கு மேல் ஒரு எழுத்து பேசமாட்டார். பையைக் கீழே வைத்தார். முதல் காட்சியிலிருந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, மெதுவாக, “அணைச்சிட்டேன்பா” என்றார். அந்த ‘பா’வில் சிரிப்பு பொட்டென்று நின்றது. அப்புறம் கடைசிக் காட்சி நீ எழுதினபடியே நடந்தது. நாற்காலியில் அப்பா செத்துக் கிடக்கிறார், மகன் திரும்பி வருகிறான், தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது, அவன் போய் அணைக்கிறான். உருண்டு சிரித்த அதே ஜனங்கள் மூக்கை உறிஞ்சினார்கள் மச்சான். தொப்பி தொப்பியைக் கழற்றிவிட்டார். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் தலையைப் பார்த்தேன். முடி நன்றாகத்தான் இருக்கிறது.

என் அனுபவத்தில் சொல்கிறேன், கேட்டுக்கொள். கூடச் சிரித்த ஆளுக்காகத்தான் ஜனங்கள் அழுவார்கள். ஆரம்பத்திலிருந்து முறைத்துக்கொண்டே இருக்கிற கிழவருக்காக எவன் அழுவான்? என் சிரிப்புதான் உன் நாடகத்தைத் தூக்கி நிறுத்தியது. “மறுபடி எப்போ போடறீங்க?” என்று படிக்கட்டில் எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா? தொப்பியிடம் போய், சனிக்கிழமை நாடகம் உண்டு என்று சொல். நான் வரக்கூடாதென்றால் வரவில்லை, வீட்டிலேயே கிடக்கிறேன். கோபத்தையெல்லாம் என் மேலேயே வைத்துக்கொள். உன் அக்காவுக்கு இதில் சம்பந்தமே கிடையாது. அவள் பாவம், வாயே திறக்கவில்லை. அவளிடம் மட்டும் பேசு.

உன் பேனாவில் மை வற்றாமலும் உன் அரங்கத்தில் நாற்காலி காலியாகாமலும் இருக்க மனசார ஆசீர்வதிக்கும்,
உன் மாமா

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். கவரை ஒட்டி வைன்னு சொல்லிட்டு உன் மாமா குளிக்கப் போயிருக்கார். அன்னிக்கு இவர் சிரிக்கவே இல்லடா. சிரிச்சது நான். இவர் என் பக்கத்துல கைக்குட்டை நனைய அழுதுக்கிட்டிருந்தார். “உன் மேல கோபம்னா அவன் தாங்கமாட்டான், என் மேலன்னா அவனுக்குப் பழக்கம்தான், நான் சிரிச்சதாவே இருக்கட்டும்”னுட்டார். நீ வீட்டைவிட்டுப் போன அன்னிக்கு நம்ம அப்பா அச்சு அசலா அந்த ஃபேன் வசனத்தைத்தானே சொன்னார்? அன்னிக்கு நாம யாரும் சிரிக்கல. அப்பா கண்ணை மூடினதுக்கப்புறம் அவரை நினைச்சு அழுதிருக்கேனே தவிர, ஒரு நாளும் சிரிச்சதில்ல. அவரைத் திட்டி எழுதியிருப்பியோன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன். நீ அவரை அப்படியே கூட்டிட்டு வந்து உட்கார வச்சிருக்க. நிறுத்திடாதடா. எனக்கு அப்பாவை இன்னொரு தடவை பார்க்கணும்.