பார்வைக்குப் போன புடவைகள்

கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அப்பா நடத்தும் கடையை அப்பாவை விட நன்றாகத் தங்களால் நடத்த முடியும் என்று. கடைக்குள் கால் வைக்காத வரை அந்த நம்பிக்கைக்கு ஒரு சேதமும் வராது. நான் கால் வைத்தேன். அதுவும் சும்மா வைக்கவில்லை. கோயமுத்தூர் வேலைக்கு நீண்ட விடுப்பு சொல்லிவிட்டு, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, நாட்டை மீட்க வந்தவள் மாதிரி மீனாட்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

எங்களுடையது ஜவுளிக் கடை. மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கும் கல்யாணங்களுக்கு என் அத்தாதான், அதாவது அப்பாதான், பட்டு கொடுப்பார். கடையில் பில் போட ஒரு பழைய மெஷின் இருந்தது. இணையத்தில் விற்க, யாரோ செய்து கொடுத்த ஒரு பழைய வலைத்தளம் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள். கடையில் விற்றுப்போன புடவை வலைத்தளத்தில் அப்படியே சிரித்துக்கொண்டு நிற்கும். யாராவது அதை வாங்கிவிட்டால் அத்தா போன் போட்டு, "அது போயிருச்சுங்க, அதே மாதிரி வேற ஒண்ணு அனுப்பட்டுங்களா?" என்பார். பேச்சு வாக்கில் அவர்கள் இரண்டாக வாங்கிவிடுவார்கள். (இதை வியாபாரத் திறமை என்று நான் அப்போது நினைக்கவில்லை. நிர்வாகக் கோளாறு என்று நினைத்தேன்.)

"அத்தா, இனிமே ரெண்டும் ஒண்ணு. கடையில வித்தா இணையத்துல தானாக் கொறையும். இணையத்துல வித்தா கடையில கொறையும். நீங்க எதையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்" என்றேன்.

"ஞாபகம் வெச்சுக்கறதுல எனக்கு ஒண்ணும் செரமம் இல்லியேம்மா" என்றார் அத்தா. பிறகு என் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார். "செரி, இந்த முகூர்த்த சீசன் முடியற வரைக்கும் பாக்கலாம். ஒழுங்கா நடந்தா கடை உன் கையில. இல்லீன்னா பழைய மெஷினே போதும், நீ கோயமுத்தூருக்கே போயிக்க."

எனக்கு அந்தக் கடை வேண்டும். சின்ன வயதிலிருந்தே வேண்டும். அண்ணன்கள் இருவரும் துபாய் போன பிறகும் யாரும் என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதனால் ராட்சசி மாதிரி வேலை செய்தேன். கடை முழுவதையும் இறக்கி எண்ணினேன். ஒவ்வொரு புடவையையும் படம் எடுத்தேன். பார்கோடு ஒட்டி ஒட்டி விரல் ரேகை அழிந்தது. (ரேஷன் கடையில் பிறகு விரல் வைத்தபோது மெஷின் என்னை யாரென்றே தெரியாது என்றது.) ஒன்றே ஒன்று இருக்கும் பட்டுகளுக்குக் கீழே, 'கடைசிப் புடவை! முந்துங்கள்!' என்று சிவப்பில் போட்டேன். கடைப் பைகளில் எல்லாம் ஒரு அட்டை வைத்தேன். அதில் உள்ள கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியில் காட்டினால் எங்கள் கடை திறக்கும். கடையை விட்டு வெளியே போகும் எந்தப் பொட்டலமும் அட்டை இல்லாமல் போகக் கூடாது என்று சட்டம் போட்டேன்.

புது ஏற்பாடு தொடங்கிய காலையில் லேப்டாப் 'டிங்' என்றது. கோயமுத்தூரிலிருந்து ஒரு ஆர்டர், அரக்கு நிறத்தில் மயில் பார்டர் போட்ட பட்டு. மறுபடி டிங், பெங்களூர். மறுபடி டிங், திருப்பூர். அப்புறம் சென்னை. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். அம்மாவுக்குப் போன் போட்டேன். "மாஷா அல்லா" என்று அம்மா அழுதே விட்டாள். பக்கத்துப் பாத்திரக் கடை, எதிர் மருந்துக் கடை, பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். "பெங்களூர்ல இருந்தெல்லாம் நம்ம கடையத் தேடி வர்றாங்க" என்று நான் சொன்னதை, அந்தத் தெருவில் கேட்காதவர் யாரும் இல்லை.

பிறகு பேக் செய்யப் போனேன். அலமாரியில் அரக்குப் பட்டைக் காணோம்.

"அத்தா, மயில் பார்டர் எங்கே?"

"அது எருத்தேன்பதி சரசம்மா ஊட்டுக்குப் போயிருக்குது. பையனுக்குக் கல்யாணமல்ல?"

"வித்தாச்சா? பில்லே இல்லியே!"

"விக்கறதா? பார்வைக்குத்தான் போயிருக்குது."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். கல்யாண வீட்டுப் பெண்கள் எல்லோரும் கடைக்கு வர மாட்டார்கள். நல்ல பட்டுகளாக ஒரு மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்புவோம். அவர்கள் வைத்துப் பார்த்து, போட்டுப் பார்த்து, சண்டை போட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு பில் கிடையாது, கையெழுத்து கிடையாது. நான் எண்ணி முடித்த மறுநாளே அத்தா மூட்டையை அனுப்பியிருக்கிறார். புது சிஸ்டத்தைப் பொறுத்தவரை அவை எல்லாம் அலமாரியிலேயே இருந்தன.

"செரி, அந்தப் பச்சை?"

"அதுவும் பார்வைக்குத்தான்."

"மாம்பழக் கலரு?"

"அதுவும்."

ஒவ்வொன்றாகக் கேட்டேன். இந்தியா முழுவதும் கிளம்பி வந்து, கடையில் இருந்த அத்தனை புடவைகளையும் விட்டுவிட்டு, கடையில் இல்லாத புடவைகளை மட்டும் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தது. இதில் ஏதோ இருக்கிறது என்று ஒரு சின்னக் குழந்தைக்குக் கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது, 'என்ன ரசனை இவர்களுக்கு!' என்பதுதான்.

"நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

அத்தா முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "பார்வைக்குக் குடுத்தத நாமளாப் போயிக் கேக்கறதில்லம்மா. அவங்களாக் கொண்டாருவாங்க."

"காசு வாங்கியாச்சு அத்தா. இது கஸ்டமர் சர்வீஸ்" என்றேன். (இந்த வார்த்தையை இப்போது யாராவது சொன்னால் எனக்குக் காது கூசுகிறது.)

சரசக்கா வீட்டுக் கூடம் நிறைய பெண்கள். நடுவில் எங்கள் மூட்டை பிரிந்து கிடந்தது. ஒரு சொம்பின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, வெளியூர்ச் சொந்தங்களுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கு நடுவே, நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து, அரக்கு நிற மயில் பார்டர். மணப்பெண்ணின் கூறைப் புடவையாக அது நிச்சயமாகி விட்டது.

அதைப் பார்த்த பிறகாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"அக்கா, அந்தப் பட்டத் திருப்பிக் குடுத்துருங்க. வித்துப் போச்சுங்க" என்றேன், வாசலில் நின்றபடி, நல்ல சத்தமாக.

சரசக்கா மெதுவாக எழுந்தார். "மஞ்ச வெச்ச கூறைச் சீலைய வாசப்படியில நின்னு திருப்பிக் கேக்கறயே சாமி, உங்கப்பாவுக்குத் தெரிஞ்சுதான் வந்தியா?"

நான் அவசரமாகச் செருப்பைக் கழற்றினேன்.

"யாருக்கு வித்தே? அதையாவது சொல்லு."

கைப்பேசியைப் பார்த்துப் படித்தேன். "கவிதா... கோயமுத்தூருங்க."

பிறகு சொம்பின் மேலிருந்து ஒரு சன்னமான குரல் வந்தது. "அம்மா... அது நானுங்க."

கவிதா சரசக்காவின் மூத்த மகள், மாப்பிள்ளையின் அக்கா. அவள் ஆரம்பித்து வைத்ததும் சொம்பு வரிசையாகப் பேச ஆரம்பித்தது. "பச்சை நானுங்க சித்தி." "அந்த மாம்பழக் கலரு நான்தான்." பெங்களூர், திருப்பூர், சென்னை எல்லாம் ஒரே குடும்பம். வீடியோவில் மூட்டையைப் பார்த்திருக்கிறார்கள். என் சட்டப்படி அத்தா மூட்டையில் வைத்த அட்டையையும் யாரோ வீடியோவில் காட்டியிருக்கிறார்கள். 'கடைசிப் புடவை! முந்துங்கள்!' என்பதைப் பார்த்ததும், ஒருவருக்கொருவர் சொல்லாமல் முந்தியிருக்கிறார்கள்.

"தம்பி பொண்டாட்டிக்கு எடுத்த கூறையையாடி உனக்கு வாங்குனே?" என்றார் சரசக்கா.

"நீங்க எடுக்கறதுக்கு முன்னாலயே எனக்குப் புடிச்சுருச்சும்மா. என் கல்யாணத்துக்கு எனக்குப் புடிச்சத யாரு கேட்டீங்க?" என்று சொம்பு அழுதது.

அத்தை ஒருத்தி கவிதா பக்கம் சேர்ந்தாள். இன்னொருத்தி சேரவில்லை. சரசக்கா குனிந்து, எங்கள் புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து மூட்டைக்குள் போட ஆரம்பித்தார். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிரு சாமி. நாங்க பொள்ளாச்சியில பாத்துக்கறோம்."

அந்த மூட்டைக்குள் என் கடையும் சேர்ந்து மடிந்துகொண்டிருந்தது. கோயமுத்தூர் பஸ் என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் நான் ஜவுளிக் கடைக்காரர் மகள். எங்கள் வீட்டில் நிக்காஹுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே, கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் எந்தச் சடங்குக்கு எந்தப் புடவை என்று தெரியும். சொம்பின் முன்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

"கவிதாக்கா, இணைச்சீர்ச் சடங்குல தம்பி பக்கத்துல நின்னு இந்தக் கூறைய ஏந்தப் போறது யாருங்க?"

மூக்கை உறிஞ்சும் சத்தம். "நான்தான்."

"ஏந்தறது நீங்க. இப்பக் காசு குடுத்து வாங்குனதும் நீங்க. உங்க தம்பி பொண்டாட்டி காலத்துக்கும், 'என் கூறை எங்க நாத்தனார் எடுத்துக் குடுத்தது'ன்னு சொல்லுமுங்க. நல்லாருக்குமா, நல்லாருக்காதா? உங்களுக்கு இதே மயில் பார்டர வேற நிறத்துல நெய்யச் சொல்லித் தர்றது என் பொறுப்புங்க."

சொம்பு யோசித்தது. சரசக்காவின் கை மூட்டையின் மேல் நின்றது. "என்ன நெறத்துல?" என்று சொம்பு கேட்டபோது, எனக்கு அந்தச் சொம்பையே கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு ஒரே களேபரம். நான் புடவையைப் பிரித்துக் காட்ட, பெங்களூர் கேட்க, திருப்பூர் குறுக்கே பேச, அந்த மூட்டையில் ஒன்று கூட மிஞ்சவில்லை.

கடைக்குத் திரும்பினால், மேஜை மேல் பழைய மெஷின் உட்கார்ந்திருந்தது. அத்தா அதைத் துடைத்து, பேப்பர் சுருள் கூடப் போட்டு வைத்திருந்தார். நான் ஒன்றும் சொல்வதற்குள் அவர் போன் அடித்தது. சரசக்காவின் குரல் எனக்கே கேட்டது. "ராவுத்தரே, பொண்ணு ஊட்டுக்கும் சேத்து உங்க கடையிலயேதான் எடுக்கறோம். அந்தப் புள்ளையவே அனுப்புங்க. வாய் கொஞ்சம் பெருசு, ஆனாக் கெட்டிக்காரி."

அத்தா போனை வைத்தார். மெஷினைத் தூக்கினார். பரணில் வைத்துவிட்டு வந்து கை கழுவினார். அவ்வளவுதான் நடந்தது. அதைப் போல ஒரு பெருமை அதற்குப் பின் எனக்கு வரவில்லை.

மிச்சம் இருந்தது சிஸ்டம். சேவை மையத்துக்குப் போன் போட்டேன்.

"புடவை கடையில் இல்லையா மேடம்? அப்படியானால் விற்பனை."

"விக்கலைங்க."

"அப்போ ரிட்டர்ன்?"

"வித்தாத்தானுங்க ரிட்டர்ன்."

"டேமேஜ்?"

"நல்லாத்தானுங்க இருக்குது. கல்யாண ஊட்ல இருக்குது."

அந்தத் தம்பி களைத்துப் போய், "அதை ஒரு தனிக் கிளையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம்" என்றார். சேர்த்தேன். மூட்டை கிளம்பினால் அந்தக் கிளைக்கு மாற்றுவோம். இணையத்திலிருந்து அது தானாக மறைந்துவிடும். இப்படியாக எங்கள் கடைக்கு இரண்டு கிளைகள். முதலாவது மீனாட்சிபுரம். இரண்டாவது, 'கல்யாண ஊடு'.

எனக்கு வரன் பேச வந்தவர்களிடம் அத்தா, "எங்க ரெண்டாவது கிளைக்கு என்ற மகதான் மேனேஜர்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் மாமா விசாரிப்பதில் கெட்டிக்காரர். எங்கள் சித்தூர் தாலுகா முழுக்க அந்தக் கிளையைத் தேடி அலைந்துவிட்டு, "இல்லாத கடையச் சொல்லிப் பொண்ணு குடுக்கப் பாக்கறாங்க" என்று அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். அத்தா நல்ல பட்டுகளாக ஒரு மூட்டை கட்டி, அதுவரை தொடாத லேப்டாப்பைத் தானே திறந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி அதைக் கிளை மாற்றினார். பிறகு அந்த மூட்டையை அவரே தோளில் சுமந்துகொண்டு போய் மாமாவின் முன்னால் இறக்கினார்.

"நீங்க அலைய வேண்டாமுன்னு கிளைய இங்கியே கொண்டாந்துட்டனுங்க."

இன்றைக்கும் யாராவது என் மாமியார் வீட்டுக்கு வந்து நான் எங்கே என்று கேட்டால், அந்த மாமாதான் முந்திக்கொண்டு பதில் சொல்வார். "மேனேஜரம்மா கிளைக்குப் போயிருக்குது. எந்தூருன்னு மட்டும் என்னையக் கேக்காதீங்க."