முதுகு இன்னும் காயல

"முதுகு இன்னும் காயல."

கிளீனரின் கை அப்படியே நின்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நோயாளியாகக் கிடந்த தபால்காரரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத்துணியால் முதுகைத் துடைத்துவிட்டுப் போர்வையை இழுக்கப் போன நேரம். தபால்காரர் பேசியிருக்க வழியே இல்லை. அவர் தொண்டையில் குழாய்.

சுற்றிலும் பார்த்தான். சுவர், ஜன்னல், இழுத்துவிட்ட பச்சைத் திரை, மூலையில் ஒரு நாற்காலி. ஆள் அரவமே இல்லை.

இன்றுதான் ஆஸ்பத்திரியில் அவனுக்கு முதல் நாள். நேற்றுவரை லாரி கழுவியவன். அதற்குள் வார்டு முழுக்க அவன் பெயர் கிளீனர் ஆகியிருந்தது. "எழுந்திரிக்க முடியாதவங்களைப் படுக்கையிலயே குளிப்பாட்டணும். லாரி மாதிரி தண்ணிய வாரி அடிச்சிடாதே," என்று சொல்லித்தான் நர்ஸம்மா அனுப்பினார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "உனக்கு முன்னாடி இருந்தவர் வேலைல ஒரு குறை சொல்ல முடியாது. பாவம், அந்த நாற்காலியிலயே உயிர் போயிடுச்சு."

நாற்காலியின் மேல் ஓர் ஈரத்துண்டு தொங்கியது. அதைத் தான்தான் போட்டோமா என்று அவனுக்கு நினைவில்லை.

அவசரமாக முதுகை ஒற்றி எடுத்தான்.

"பவுடர்."

குரல் கரகரவென்று, தரையில் எதையோ இழுக்கிற மாதிரி இருந்தது. கிளீனர் பவுடர் டப்பாவைக் கவிழ்த்தான். மூடி கழன்று, தபால்காரர் தலை முதல் இடுப்புவரை வெள்ளையாகிப்போனார்.

அதைக் கழுவ வெந்நீர் கொண்டுவந்தான். பாத்திரம் சாய்ந்து படுக்கையெல்லாம் ஈரமானது.

"மெத்தை," என்றது குரல்.

"தெரியுதுண்ணே," என்றான் கிளீனர், நாற்காலியிடம் கைகூப்பி. "முதல் நாள். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

ஈர விரிப்பை உருவினான். கூடவே தலையணையும் வந்தது. தபால்காரர் ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துவிட்டு, பார்த்தது போதும் என்பதுபோல மூடிக்கொண்டார்.

நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். "யார்கிட்ட பேசிட்டிருக்கே?"

"அண்ணன்கிட்ட."

"எந்த அண்ணன்?"

கிளீனர் நாற்காலியைக் காட்டினான். நர்ஸம்மா நாற்காலியைப் பார்த்தார், வெள்ளை முகத்துடன் கிடந்த தபால்காரரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"முகத்தைக் கழுவு. அவர் முகத்தை இல்ல, உன் முகத்தை," என்று சொல்லிவிட்டு வேறு விரிப்பு எடுக்கப் போனார்.

அறை மறுபடி அடங்கியது. குழாய் வழியே தபால்காரர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, மிக மெதுவாக:

"எனக்கு எப்போ?"

செத்தவருக்கு யார் வெந்நீர் வைப்பது? ஓடிவிடலாம் என்று திரும்பியவன் கண்ணில், பச்சைத் திரை லேசாக ஆடுவது பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தான்.

திரைக்குப் பின்னால் இன்னொரு கட்டில். அதில் ஒரு கிழவர், கண் இமைக்காமல் அவனையே பார்த்துக் கிடந்தார்.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "நீங்கதானா? பேயோன்னு நெனச்சு நான் பாதி செத்துட்டேன். அடுத்தவர் முதுகு காஞ்சா உங்களுக்கென்ன, காயலன்னா உங்களுக்கென்ன? இனி வாயத் தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

கிழவர் வாயை மூடிக்கொண்டார்.

"யாரைத் தம்பி திட்டுறீங்க?" வாசலில் ஓர் அம்மாள், கையில் வாளியும் துவாலையுமாக.

"இவர் வீட்டம்மாவா? நல்லா வந்தீங்க. ஒரு மனுஷனை வேலை செய்ய விடுறாரா? 'காயல'ங்கிறார், 'பவுடர்'ங்கிறார், 'மெத்தை'ங்கிறார். வாயை மூடுங்கன்னேன், இப்பதான் அடங்கியிருக்கார்."

வாளி அந்த அம்மாள் கையிலிருந்து நழுவித் தண்ணீர் அறையெங்கும் ஓடியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. ஈரத்தில் வழுக்கிக்கொண்டே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ விழுந்ததிலிருந்து இவர் ஒரு வார்த்தை பேசல, என் பேரைக்கூடச் சொன்னதில்ல, தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இன்னொரு தடவை தப்பாத் துடைங்க."