வலிப்புக்கு ஒரு சாவி

ஏற்காட்டுக்கு அந்தக் கோடையில் வந்த கூட்டத்தில் பாதி ஏரியைப் பார்க்க வந்தது, மீதி சாவிச்சாமியைப் பார்க்க வந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. புத்திக்கு மட்டும் இன்னும் தேதி குறிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே புலித்தோல் மாதிரி அச்சடித்த போர்வை, அதன் மேல் சாமி. கழுத்தில் உருத்திராட்சம் இல்லை, சாவிகள். பீரோ சாவி, பெட்டிச் சாவி, சைக்கிள் சாவி என்று மாலையாகக் கோத்துப் போட்டிருந்தார். அவர் நடந்தால் ஐஸ் வண்டி வருகிறது என்று குழந்தைகள் ஓடி வரும். மலைக்குகை ஒன்றில் ஒரு சித்தர் அவர் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்து, 'போ, பூட்டிக் கிடக்கிறவர்களைத் திற' என்றாராம். அந்த மூலச் சாவிக்குச் சிவப்பு நூல் சுற்றி, பூத்தட்டில் வைத்திருந்தார்.

"வலிப்புங்கறது வியாதியே இல்லீங்க" என்பார் சாமி. "உடம்புக்குள்ள ஒரு துஷ்டன் பூந்துக்கிட்டு உள்பக்கமாத் தாழ்ப்பாப் போட்டுக்கறான். டாக்டரு வெளிய நின்னு கதவத் தட்டறாரு. நான் பூட்டைத் திறக்கறேன்."

உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டவனை வெளியே நின்று சாவி போட்டு எப்படித் திறப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

சாமியின் வியாபாரத்துக்கு முதல் போட்டதே நாம்தான். தெருவில் ஒருவனுக்கு வலிப்பு வந்தால் அவன் தலை கல்லில் மோதாமல் பிடிக்க ஒருவரும் வரமாட்டார். கையில் இரும்பைத் திணிக்க ஊரே வரும். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் வலிப்பு தானாக நின்றுவிடும். நின்றதும் பெயர் இரும்புக்கு. மழை ஓயும் நேரத்தில் குடையை மடக்கியவன், மழையை நிறுத்தியதே என் குடைதான் என்றால் சிரிக்கிறோம். சாவிக்கு மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையின் அத்தாயிக்கு முதல் வலிப்பு வந்தது எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆன பெண். அவள் விழுந்ததும் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஓடிவந்து ஒரு கையில் குடோன் சாவியைத் திணித்தார். ஜீப் டிரைவர் பாசக்காரர். இன்னொரு கையில் ஜீப் சாவியையே வைத்து அழுத்தினார். இறுகிய கை அப்படியே மூடிக்கொண்டது. "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!" என்று அவளைத் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். டிரைவர் ஹாரன் கூட அடித்தார். ஜீப் மட்டும் கிளம்பவில்லை. சாவி அத்தாயி கைக்குள்ளே இருந்தது.

அவள் தானாகக் கண் விழித்து, "ஏனுங்க, எல்லாரும் எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்ட பிறகுதான் சாவி கிடைத்தது.

"பாத்தீங்களா? சாவி வேலை செஞ்சிருச்சு!" என்றார் டிரைவர்.

சேலத்து ஆஸ்பத்திரியில் தலையில் ஒயர்களை ஒட்டிச் சோதித்தார்கள். டாக்டரம்மா நேராகச் சொன்னார்: "இது வலிப்பு நோய். மூளையில கரண்ட் சில சமயம் தாறுமாறாப் பாயுது. யாருக்கும் ஒட்டாது, பேயும் இல்ல பிசாசும் இல்ல. தினமும் மாத்திரை போடணும். நாங்க சொல்லாம நிறுத்தாதே. திடீர்னு நிறுத்தினா முன்னைவிடப் பலமா வரும், உயிருக்கே ஆபத்து."

அத்தாயி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். இனி யார் தன்னை வேலைக்கு வைப்பார்கள், புருஷன் வைத்துக்கொள்வானா, பிள்ளை பெறலாமா என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டினாள்.

"புதுசா கண்ணு?"

"ஆமுங்க. உங்களுக்கு?"

"நான் பழைய ஆளு. பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. ஏற்காடு பஜார்ல தையக்கடை வெச்சிருக்கறேன், இன்பமேரின்னு கேட்டா சொல்லுவாங்க. ரெண்டு புள்ள பெத்தேன். மொதல்ல நானும் இந்த பெஞ்சுலதான் உக்காந்து அழுதேன். அப்ப எனக்கு ஆரஞ்சு தர ஆளில்ல."

அத்தாயி ஆரஞ்சைத் தின்றாள். அன்றைக்கு அவள் வாயில் போன முதல் உணவு அது.

மாத்திரையால் மாதம் ஒன்று நன்றாகப் போனது. வலிப்பு வரவில்லை. துஷ்டன் உள்ளே பதுங்கியிருக்கிறான் என்று ஊர் சொன்னதில், வலிப்பு வராததே அவள் புருஷன் சின்னையனுக்குப் பயமாகிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. ஊர் என்ன சொல்கிறதோ அதைக் காதில் வாங்கி, இரவெல்லாம் மென்றுகொண்டிருக்கிற ஜாதி. அவளுக்குத் தெரியாமல் சாவிச்சாமியிடம் போனான்.

"மாத்திரை தின்னா உள்ள இருக்கற பூட்டு துருப்புடிச்சுப் போவும்" என்றார் சாமி. "ஊட்டுல இருக்கற மாத்திரை மொத்தத்தையும் கொண்டாந்து இங்க ஒப்படை. அடுத்த ஞாயித்துக்கெழமை பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வா."

சின்னையன் மாத்திரைகளைக் கொண்டுபோய் ஒப்படைத்தான். சாமி அதை ஒரு மஞ்சள் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். சனிக்கிழமை இரவு மாத்திரை டப்பாவைத் தேடிய அத்தாயிக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

"என்ற மாத்திரைய எடுக்க உங்களுக்கு யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது புள்ள. அவரு நொம்ப சக்தியான ஆளு. எனக்கு நீ நல்லாருக்கோணும்."

"நல்லாத்தான இருந்தேன்? நான் செத்துப் போனா ஊரு வந்து உங்களுக்குச் சோறு போடுமா?"

அத்தாயி அன்றிரவு பயந்து பயந்து தூங்கினாள்.

விடிந்ததும் முதல் ஜீப்பில் ஏற்காட்டுக்குப் போய் தையல்கடை முன்னால் நின்றாள். சின்னையன் பின்னாலேயே தலையைத் தொங்கப்போட்டு வந்தான். இன்பமேரி கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவள் கடைக்கு எதிரில்தான் சாமியின் கொட்டகை.

"மாத்திரைய வாங்காம இன்னிக்கு ஊட்டுக்குப் போகக் கூடாது கண்ணு. சும்மா கேட்டா தரமாட்டான். அவன் சனம் நம்மள அடிக்க வரும்." சற்று யோசித்தாள். "அங்க வேலுசாமின்னு ஒருத்தனுக்கு ஞாயிறு தவறாம வலிப்பு வருது. போன வாரம் ஆத்தூர்லருந்து வந்தவன், அதுக்கு முந்தின வாரம் நாமக்கல்லுலருந்து வந்தவன். சட்டை மட்டும் ஒண்ணுதான். அந்தக் கைக்குக் கீழ இருக்கற கிழிசலைத் தச்சுக் குடுத்ததே நான்தான்."

சிவப்பு நூல்கண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது மடியில் ஏதோ இருந்தது.

கொட்டகை நிரம்பி வழிந்தது. நானும் நின்றிருந்தேன், வேடிக்கை பார்க்க வரி கிடையாதே. இன்பமேரி பயபக்தியாகப் போய், பூத்தட்டில் ஒரு முழம் மல்லிகையை வைத்துக் கும்பிட்டாள். தையல்காரி விரல்கள், எது போனது எது வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

சாமி கையைத் தூக்கினார். சொல்லி வைத்தாற்போல வேலுசாமி விழுந்தான். கையும் காலும் உதறின, வாயில் நுரை தள்ளியது. நுரையில் துணி சோப்பு வாசம் அடித்தது. சாமி சிவப்பு நூல் சுற்றிய சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். வேலுசாமி சடக்கென்று எழுந்து உட்கார்ந்து, "நான் எங்க இருக்கறேன்?" என்றான். கொட்டகை அதிர்ந்தது. ஆளுக்கு ஆள் அந்தச் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றினார்கள். ஒரு பாட்டையா நாக்கிலேயே தொட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மூச்சிரைக்க ஓடி வந்தார் மூக்கன். பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பிடத்துக்கு அவர்தான் அதிகாரி.

"இன்பமேரியம்மா! சாவிய எங்கீங்க வெச்சீங்க? ஒரு டூரிஸ்ட் பஸ் சனமே வயித்தப் புடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்குதுங்க!" அவர் கண் பாட்டையாவின் கையில் பட்டது. "அட, இதா இருக்குதே! ஏனுங்க, கக்கூஸ் சாவியப் போயி நக்கறீங்க?"

பாட்டையா துப்பினார். சாமியின் மூலச் சாவியை இன்பமேரி மடியிலிருந்து எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். கதை முடிந்தது என்று நினைத்தேன். நான் சாமியையும் சரியாக எடை போடவில்லை, சனத்தையும் எடை போடவில்லை.

"மூடர்களே!" என்று சாமி கர்ஜித்தார். "என் கை பட்டா கக்கூஸ் சாவிக்கும் சக்தி வரும். அதத்தான் இப்பப் பாத்தீங்க!"

"ஆமா சாமி!" என்றது கூட்டம். இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கழிப்பிடத்தை நோக்கி நடந்தார்கள். ஒரு பூக்காரி கூடையோடு பின்னால் போனாள். மூக்கன் இன்று கட்டணத்தை ஏற்றலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

"சந்தேகப்படறவங்களுக்கு இன்னொருக்கா காட்டறேன்" என்று சாமி கண்ணைக் காட்டினார். வேலுசாமி அலுப்போடு மறுபடி விழுந்து உதறினான்.

அத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கும் வலிப்பு இருக்குதுங்க" என்றாள். ஊர் முன்னால் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "வந்தா நெனப்பே இருக்காது. நாக்கைக் கடிச்சு ரத்தம் வந்ததுகூட எனக்குத் தெரியல. பக்கத்துல இடி உழுந்தாலும் காது கேக்காது. இவருக்கும் அப்படித்தானுங்களே சாமி?"

"ஆமா, ஆமா. அவனுக்கு இப்ப இந்த லோகமே இல்ல" என்றார் சாமி.

"அய்யய்யோ!" என்று அத்தாயி அலறினாள். "பூரான்! பூரானுங்க! இவரு வேட்டிக்குள்ள போவுது!"

லோகமே இல்லாத வேலுசாமி ஓர் ஆள் உயரத்துக்குத் துள்ளினான். "எங்க? எங்க? எந்தப் பக்கம்?" என்று சோப்பு நுரையைத் துப்பிக்கொண்டே வேட்டியை உருவி உதறினான். பட்டை போட்ட டிரவுசரோடு சாமியின் புலித்தோல் மேல் ஏறி நின்று, "சாமி, நல்லாப் பாருங்க சாமி, எனக்குப் பூரான்னா ஆவாது!" என்று அழுதான்.

ஒரு பக்தர் மட்டும், "பூரான் சாமி!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் தகரம் ஆடியது. சிரித்து முடித்துச் சாமியைத் தேடினால் ஆள் இல்லை. பின்பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் சாவி மாலையின் சத்தம் மட்டும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

மஞ்சள் பையை முதலில் எடுத்தது சின்னையன்தான். முடிச்சை அவிழ்த்துப் பையை விரித்தான். உள்ளே அத்தாயியின் மாத்திரை மட்டும் இல்லை. எத்தனையோ வீட்டு மாத்திரைகள், குழந்தைகளுக்குக் கொடுக்கிற மருந்து பாட்டில் கூட இருந்தது. மாரமங்கலத்திலிருந்து வந்த ஒரு தாய் அந்தப் பாட்டிலை வாங்கிக்கொண்டு, மடியில் இருந்த பிள்ளையைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். அவ்வளவு நேரம் சிரித்த எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

சின்னையன் டீக்கடையில் தண்ணீர் வாங்கி வந்து, எல்லோரும் பார்க்க அத்தாயியிடம் நீட்டினான்.

"போட்டுக்க புள்ள. எனக்குப் புத்தி இல்லாமப் போச்சு."

"விட்டதுக்கும் சேத்து ரெண்டாப் போட்டுறாத" என்றாள் இன்பமேரி. "ஒண்ணு போடு. நாளைக்கே போயி டாக்டரம்மாகிட்ட நடந்ததச் சொல்லிரலாம், நானும் வாரேன்."

சின்னையன் இன்பமேரியைத் தனியாக அழைத்து, "ஏனுங்கக்கா, இவளுக்கு மறுபடி வந்தா நான் என்னத்தக் கையில குடுக்கறது?" என்று கேட்டான்.

"ஒண்ணும் குடுக்காதீங்க. வாயிலயும் எதையும் திணிக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, நிக்கற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். பக்கத்துல இருக்கறதுதான் கஷ்டம். அதனாலதான் எல்லாரும் சாவி தேட ஓடறாங்க."

மறுநாள் சேலம் பஸ்ஸில் அத்தாயியும் சின்னையனும் இன்பமேரியும் போனார்கள். மாரமங்கலத்துத் தாயும் பிள்ளையோடு ஏறிக்கொண்டாள். அடுத்தடுத்த மாதங்களில் அந்த பஸ்ஸில் வலிப்புக்காரர்களுக்கென்றே பின் சீட்டு ஒன்று ஆகிவிட்டது. மலை வளைவுகளில் அவர்கள் பேசிச் சிரிக்கிற சத்தத்தில் கண்டக்டர் விசில் கேட்காது. ரைட்டர் அத்தாயியை வேலைக்குத் திரும்ப எடுக்கத் தயங்கியபோது, அந்தப் பின் சீட்டு மொத்தமும் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் இறங்கி நின்றது. எடுத்துக்கொண்டார்.

சாவிச்சாமி இப்போது வேறு மலையில், வேறு பெயரில் இருப்பதாகக் கேள்வி. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கடை வைப்பவன் வாங்க ஆள் இருக்கிற இடத்தில்தான் வைப்பான். மூளையில் வருகிற வலிப்புக்கு மாத்திரை இருக்கிறது, ஐயா. மூளையை வைத்துக்கொண்டே யோசிக்காமல் இருக்கிற நோய்க்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது. அதற்கு நீங்களேதான் டாக்டர், சீக்கிரம் வைத்தியத்தைத் தொடங்குங்கள்.