கிராங்க் புல்லியின் மஞ்சள் குறி

அக்டோபர் 9, வியாழன்.

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். டைமிங் பார்ப்பதற்கு முன், பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைக்க மறந்துவிட்டேன். நோட்டில் எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உலக மோட்டார் வரலாற்றில் ஆனையூர் மாலைநேரப் பழங்கார்ப் பயிலகம் இந்த வாரம் தொட்ட சிகரத்தை வருங்காலம் ஆராயும்போது, என் பிழை அதற்கு இடையூறாக நிற்கக் கூடாது.

எங்கள் பயிலகத்தில் கூட்டம் போடாமல் எந்த போல்ட்டும் திருகப்படுவதில்லை. இயக்குநர் சூர்யபிரகாஷ் சார் இதை 'முறைமை' என்பார். அவர் இதுவரை ஒரு பானெட்டையும் தம் கையால் திறந்ததில்லை. திறந்தால் நடுநிலை போய்விடும் என்று அஞ்சுகிறார்.

பாடத்துக்கு வந்திருப்பது செக்கானூரணி காசிமாயன் அண்ணனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. வயது என் வயதைப்போல் இரண்டு மடங்கு. நாளை அது நாகமலை புதுக்கோட்டைவரை நிற்காமல் போய்வந்தால்தான் எங்களுக்குச் சான்றிதழ். எனக்கு அது வேண்டும். பகலில் கே.கே. நகரில் ஓர் இன்சூரன்ஸ் சர்வே அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். சான்றிதழ் கிடைத்தால் விபத்து வண்டிகளைப் பார்வையிடும் உதவியாளர் வேலை. கிடைக்காவிட்டால், பார்வையிட்டவர்கள் எழுதியதைத் தட்டச்சு செய்யும் வேலை, ஓய்வுபெறும்வரை.

டைமிங் என்பது எளியது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்பு என்பதை, எஞ்சினோடு சுழலும் கிராங்க் புல்லியிலுள்ள குறி காட்டும். டைமிங் லைட் மின்னும்போது சுழலும் புல்லி நின்றுவிட்டதுபோல் தெரியும். அந்தக் குறி பத்து டிகிரி முள்ளுக்கு நேரே வரும்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப வேண்டும். வேகம் கூடக் கூடப் பொறி இன்னும் முந்த வேண்டும், அதுதான் அட்வான்ஸ்.

செவ்வாயன்று லைட்டை அடித்தபோது மஞ்சளாக ஒரு குறி பளிச்சென்று தெரிந்தது. கூட்டம் கூடியது. அது 'உற்பத்தியாளர் இட்ட மூலக்குறி' என்று தீர்மானம் எண் 4 ஒருமனதாக நிறைவேறியது. நானும் கைதூக்கினேன். அந்தக் குறியை வைத்தே டைமிங் அமைத்தோம். எஞ்சின் இருமியது. இருமலையும் பதிவு செய்தோம்.

இன்று காசிமாயன் அண்ணன் ஓட்டிப் பார்த்தார். வாசலைத் தாண்டுவதற்குள் சைலன்சரில் மூன்று வெடி. எதிர் டீக்கடையில் இரண்டு பேர் பெஞ்சுக்கடியில் போய்விட்டார்கள்.

"என்ன சார், தீவாளிக்கு இன்னும் பத்து நாளு கெடக்கு. அதுக்குள்ள எம்புட்டு வெடி!"

"அது பழங்காரோட குரல் சார். ஹெரிடேஜ் சவுண்ட்," என்றார் இயக்குநர்.

"நடந்து போறவனக்கூட முந்த மாட்டேங்குது. அதுவும் ஹெரிடேஜா?"

"அது பொறுப்பான வேகம் சார்."

எனக்குச் சந்தேகம் வந்தது. எனக்கு எப்போதும் வரும். குனிந்து அந்தக் குறியைச் சுரண்டினேன். நகத்தில் வாசம் அடித்தது. சந்தனம்! போன வாரம் ஆயுத பூசையன்று ஸ்பேனர் முதல் ஸ்டேப்ளர்வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள் நான். குங்குமம் உதிர்ந்து, சந்தனம் மட்டும் காய்ந்து ஒட்டியிருக்கிறது.

"சார், அந்தக் குறி நான் வச்ச பொட்டு சார்."

சார் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினார். "நீங்க வச்சீங்களா, கம்பெனிக்காரன் வச்சானாங்கிறது இனிமே விஷயமில்லம்மா. மினிட்ஸ்ல ஏறிருச்சு."

"அழிச்சிரட்டுமா சார்?"

"தீர்மானத்தையா?"

"பொட்ட சார்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அக்டோபர் 10, வெள்ளி.

சார் டீ குடிக்கப் போன அரைமணி நேரத்தில், என்னோடு படிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுநர் சோணைமுத்து அண்ணன், மண்ணெண்ணெய்த் துணியால் புல்லியைத் துடைத்தார். கிரீசுக்கடியில் மெல்லிய வெட்டு ஒன்று இருந்தது. சந்தனத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, உண்மையான குறி.

"நல்லவேள தங்கச்சி, எலுமிச்சம்பழத்தக் கட்டாம விட்ட. அதையும் ஒரு பார்ட்டுன்னு எழுதிருப்பாக."

"சாருக்குத் தெரிஞ்சா என்னண்ணே செய்யிறது?"

"எப்புடித் தெரியும்? அவுக புல்லியவே இன்னும் பாக்கல."

இந்த முறை மறக்காமல் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்தேன். வெட்டைப் பத்து டிகிரிக்குக் கொண்டுவந்து கிளாம்பை இறுக்கினேன். மறுபடி பார்த்தேன். ஆக்சிலரேட்டரைக் கூட்டியபோது அட்வான்ஸ் சீராக ஏறி, மூவாயிரம் சுற்றில் முப்பத்திரண்டு டிகிரியில் நின்றது. மறுபடி பார்த்தேன்.

"அஞ்சாவது தடவ தங்கச்சி. அந்த லைட்டுக்கே கண்ணு வலிக்கும்."

சந்தனத்தை நாங்கள் தொடவில்லை. அது தீர்மானத்தின் சொத்து.

கார் போனது, வந்தது. ஒரு வெடி இல்லை. காசிமாயன் அண்ணன் முகமெல்லாம் புழுதியும் சிரிப்புமாக இறங்கினார்.

"டவுன் பஸ் ரெண்ட முந்திட்டேன் சார்! அப்புடியே வழுக்கிட்டுப் போகுது. என்ன செஞ்சீக?"

"ஒண்ணுமே செய்யல சார்," என்றார் சூர்யபிரகாஷ் சார். "தீர்மானத்துல உறுதியா நின்னோம்."

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து சார் சான்றிதழை நீட்டினார். என் பெயருக்குக் கீழே 'மூலக்குறி கண்டறிந்தவர்' என்று அச்சாகியிருந்தது. வாயை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினேன்.

உடனே கூட்டம் கூடித் தீர்மானம் எண் 5 நிறைவேறியது. முன்மொழிந்தவர் சார். வழிமொழிந்தவள் நான்.

நாளை: மாலை ஆறு மணிக்கு, பயிலகத்திலுள்ள மற்ற ஏழு வண்டிகளின் புல்லியிலும் மூலக்குறி இட வேண்டும். சந்தனம் நானே அரைத்து எடுத்துப் போக வேண்டும்.