குறையாத கரிக்குடம்

லாரிகள் நிற்கும் திடலில் அன்று எள் போட்டால் எள் விழாத கூட்டம். கரிஞானி வந்திருந்தார். நிலக்கரியை மாவாக அரைத்துத் தண்ணீரில் குழைத்து, அவர் மூன்று முறை ஊதினால் போதும், டீசல் இஞ்சின் ஓடுமாம். ஊதுவது அவர், புகைவது இஞ்சின், வாயைப் பிளப்பது நாம்.

கரிக்குழம்பில் இஞ்சின் ஓட்டிப் பார்த்தவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. அந்தப் பாவிகள் பம்பை மாற்றி, எரிபொருளைப் பீய்ச்சும் நாசிலை மாற்றி, தேய்ந்ததை மறுபடியும் மாற்றி, வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஊதிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

மேசைமேல், தண்ணீர் இறைக்கும் பழைய டீசல் இஞ்சின் ஒன்று. மேசையைச் சுற்றித் தரைவரை பட்டுத்துணி. பக்கத்தில் கரிக்குடம், அதிலிருந்து இஞ்சினுக்கு ஒரு குழாய். காலையிலிருந்து ஓடுகிறது, குடத்தில் ஒரு சொட்டும் குறையவில்லை. மனைவியோடு வந்திருந்த லாரிக்காரர் ஒருவர் உருகிப்போனார். அவர் குடும்பம் சாப்பிடுவதே அவருடைய ஒற்றை லாரியால்தான். அதற்கென்று ஒரு வாளிக் குழம்பு வாங்கி, டேங்க் மூடியையும் திறந்துவிட்டார்.

மனைவி வாளியைப் பிடித்துக்கொண்டாள். "கரி போயி பம்ப் அடைச்சுக்கிட்டா நாளைக்கு எதை ஓட்டுவீங்க?"

"குடத்தப் பாத்தியா? குறையவே இல்ல."

"அதத்தான் நானும் பாக்குறேன். எரிஞ்சா குறையணும்ல? குறையலன்னா அது எதைக் குடிச்சு ஓடுது?"

அவருக்குக் கோபம்தான் வந்தது. அவள் நேரே போய்க் குடத்திலிருந்து குழாயை உருவினாள். இஞ்சின் நிற்கவில்லை.

கரிஞானி அசரவில்லை. "பாத்தீங்களா, கரி இல்லாமலே ஓடுது. என் மூச்சுக்கு அவ்வளவு சக்தி."

கூட்டம் கைகூப்பியது. லாரிக்காரரும் கூப்பியிருப்பார், ஒரு கையில் டேங்க் மூடி இருந்தது.

அவள் பட்டுத்துணியைத் தூக்கினாள். அடியில் ஒரு டீசல் கேன், அதிலிருந்து மேலே இன்னொரு குழாய். அதை மடித்து அழுத்திப் பிடித்தாள். இஞ்சின் இரண்டு தும்மல் போட்டு நின்றது.

"இப்ப ஊதுங்கய்யா," என்றாள்.

ஊதினார். இத்தனை பேர் பார்க்கும்போது வேறென்ன செய்வார்? முகம் சிவந்ததுதான் மிச்சம்.

அப்போதும் கூட்டத்தில் ஒருவர், கேனில் இருப்பது மந்திரித்த டீசலா என்று பணிவாக விசாரித்தார். லாரிக்காரர் சிரிக்க வாயைத் திறந்தார், வெட்கம் வந்து மூடிக்கொண்டார். வாளியைத் தரையில் கவிழ்த்தார்.

கரிஞானி அரைத்தது நிலக்கரியை அல்ல, நம் தலையில் மிளகாயை. அடுத்த ஞானிக்கும் தலையைக் கொடுக்கத்தான் போகிறோம். கொடுப்பதற்கு முன்னால் அதை ஒரு தடவையாவது உபயோகித்துப் பார்ப்போமே.