நுண்ணுயிர் நலன் கருதி

மனிதகுலத்தின் அழுக்கைக் கழுவவென்றே அவதரித்த சிலருள் நானும் ஒருவன். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது; வேறு யாரும் சொல்ல முன்வராததால் சொல்கிறேன்.

சாயக் கழிவைச் சிதைக்கும் நொதி ஒன்றை, பாக்டீரியாவின் உடலுக்குள் முடங்கிக் கிடக்க விடாமல், அதன் மேல்தோலிலேயே கொண்டுவந்து நிறுத்தியது எங்கள் ஆய்வகம். வந்த சாயத்தை வாசலிலேயே மடக்கிவிடும். கண்ணாடிக் குடுவையில் அது அற்புதமாக உழைத்தது.

சாயப்பட்டறை வாய்க்கால் ஓடுவது என் அக்கா வீட்டுக்குப் பின்னால். அந்தத் தண்ணீர் கிணற்றில் ஊறி, அவள் மகளுக்குக் கையெல்லாம் சொறி. "கொஞ்சம் பொறுத்துக்கக்கா, பெரிசா ஒண்ணு கண்டுபிடிச்சிட்டிருக்கேன்" என்று வருடக்கணக்கில் ஆறுதல் அளித்து வந்தேன்.

நிபுணர் குழுவுக்கான செயல்விளக்கத்துக்கு முந்தைய நாள், வாய்க்கால் தண்ணீரில் பாக்டீரியாவை விட்டுப் பார்த்தோம். விட்ட கையோடு செத்தது.

"தண்ணி ரொம்ப அழுக்கா இருக்கு சார்" என்றேன் ஆய்வக இயக்குநரிடம்.

அவர் பதறிப்போனார். "ஐயையோ! அதுல போய் அதுங்கள ஏன்யா விட்டீங்க? ஒரு உசுரு வாழ வேண்டாமா?"

உடனே 'நுண்ணுயிர் நலன் கருதி' அவசர நடவடிக்கை எடுக்கப்பட்டது. தண்ணீரை மணலிலும் கரியிலும் வடிகட்டினோம். காரத்தைத் தணித்தோம். இதமாகச் சூடாக்கினோம். தண்ணீர் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. இப்போது பாக்டீரியாவுக்கு வேலையே இல்லை. ஆகவே கடையில் வாங்கிய உயர்தரச் சாயத்தில் ஒரு துளி கலந்தோம்.

மறுநாள் நிபுணர் குழுவின் கண்ணெதிரே சாயம் மறைந்தது. ஒரே கைதட்டல். கழுத்தில் 'பயனாளி' அட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் ஓரத்திலிருந்த மணல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எதுக்குடா?"

"பாக்டீரியா சாகாம இருக்கணும்ல? அதான் தண்ணிய முதல்ல சுத்தம் பண்ணிட்டோம்."

"கஷ்டமா?"

"சேச்சே! மணலும் கரியும்தானேக்கா."

"அதையே எங்க கிணத்துக்குப் பண்ணியிருக்கக் கூடாதா?"

கேள்வி நியாயமானது, ஆனால் அறிவியல்பூர்வமானது அல்ல. பொறுமையாக விளக்கினேன். "அது செத்துப்போனா என் ஆராய்ச்சியே நின்னுடும்க்கா."

"என் பொண்ணு சொறிஞ்சிக்கிட்டே இருந்தா நிக்காதா?"

நிற்காது. அவள் சொறியும் வரை நிற்கவே நிற்காது. இதை எப்படி அக்காவிடம் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, இயக்குநர் மேடையேறி எல்லோருக்குமாகச் சொன்னார்: "அந்த வாய்க்கால் ஓரத்துல மக்கள் இன்னும் கஷ்டப்பட்டுட்டுதான் இருக்காங்க. அதனால நம்ம திட்டத்தை நீட்டிச்சே ஆகணும்!"

முதலில் கைதட்டியது நான்தான்.